அன்னம்மாள் திகதி

போன மாதம் கொழும்பு நூதனசாலையிலிருந்து ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். பறவைகளின் விஞ்ஞானப் பெயர்களைப் பற்றிப் படிக்கிறாளாம். இப்போது வரும் சஞ்சிகைகளில், வெளியான நாளை மாதம் தேதியோடு முதற்பக்கத்திலேயே அச்சடித்துவிடுகிறார்களாம். அப்படியிருக்க, அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு திகதியைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம், மூன்று வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது ஏன் என்று கேட்டாள். ஒரு நாள் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன என்றும் கேட்டாள். தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லிவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். வாயால் சொன்னால் என் கதை முந்தலில் தொடங்கிச் சிலாபத்துக்குப் போய்விடும். எழுத்தென்றால் கொஞ்சம் அடங்கி நடப்பேன்.

முதலில் தொழிலைச் சொல்ல வேண்டும். ஒரு பறவைக்கு இலத்தீனில் இரண்டோ மூன்றோ சொற்களில் பெயர் இருக்கும். அதற்குப் பின்னால் அந்தப் பெயரை வைத்தவர் யார், எந்த வருஷம் அது அச்சில் வெளிவந்தது என்று இருக்கும். ஒரே பறவைக்கு இரண்டு பேர் பெயர் வைத்துவிட்டால், எது முதலில் அச்சாகி வெளியே வந்ததோ அதுவே நிற்கும். மற்றது விழுந்த பெயர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் தொழிலில் பெயருக்கும் முந்த வேண்டும். யார் முந்தினார் என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

நான் எத்தாளையில் பிறந்தவன், பெயர் மனுவேல். இங்கிலிஷ் கொஞ்சம் படித்திருந்தபடியால் கடலுக்குப் போகாமல் தப்பி, கரையோரத் தபாற் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக ஐந்து வருஷம் இருந்தேன். எந்த ஊர்க் கந்தோர் என்று எழுதமாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அந்தக் கந்தோருக்கு அடிக்கடி புத்தகப் பொதிகள் வாங்கும் வாடிக்கைக்காரர் பெலிங் துரை. நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்து இளைப்பாறி, முந்தல் கடல்நீர்க் களப்போரமாக ஒரு வீட்டில் தனியே இருந்தவர். ஒருநாள் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று, ஒரு கடதாசி உறையை நீட்டினார். முத்திரை குத்தும்போது தபால்தலை மேல் குத்தாமல் வெறும் கடதாசியில் குத்த முடியுமா, திகதி வாசிக்க முடியாமல் இருக்கிறது என்றார். புத்தகத்தை விட்டுவிட்டு அது சுற்றி வந்த உறையைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதரை அதற்குமுன் நான் கண்டதில்லை. துரைக்குச் சற்றுப் பிசகு என்று நினைத்துக்கொண்டு, அன்றிலிருந்து அவருடைய பொதிகளுக்கு மட்டும் ஓரமாக, அழுத்தமாகக் குத்திக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து, தன்னிடம் வேலைக்கு வரும்படி கேட்டார். தபால் முத்திரை வாசிக்கத் தெரிந்தவன் தனக்கு வேண்டும் என்றார். இரண்டாம் யுத்தம் தொடங்க ஐந்தாறு வருஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு பட்டியல். இலங்கையில் காணப்படும் ஒவ்வொரு பறவைக்கும் சரியான பெயர், பெயர் வைத்தவர், வெளியான நாள். கேட்டால் ஒரு மாத வேலை போலத் தோன்றும். அவர் அதில் பன்னிரண்டு வருஷம் இருந்தார்.

பழைய பறவைப் புத்தகங்கள் எல்லாம் முழுப் புத்தகமாக வெளிவந்தவை அல்ல. பகுதி பகுதியாக, மாதத்துக்கு ஒன்றோ வருஷத்துக்கு ஒன்றோ வரும். ஒவ்வொரு பகுதிக்கும் மெல்லிய கடதாசி மேலுறை இருக்கும். வெளியான மாதம் அதில் மட்டுந்தான் அச்சாகியிருக்கும். எல்லாப் பகுதிகளும் சேர்ந்த பிறகு, வாங்கினவர் அவற்றைப் புத்தகம் கட்டுகிறவனிடம் கொடுப்பார். அவன் முதல் வேலையாக மேலுறைகளைக் கிழித்து எறிவான். பிறகு தோல் போட்டு, பொன் எழுத்துப் பதித்து, அலுமாரியில் வைக்க அழகாகக் கொடுப்பான். உலகத்தில் உள்ள புத்தகம் கட்டுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் உண்டு. முகப்பில் ஒரு வருஷம் இருக்கும்; உள்ளே இருக்கும் பறவை அதற்கு ஆறு வருஷம் கழித்து வந்ததாக இருக்கும். முகப்பை நம்பினவன் மோசம் போனான்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கடதாசித் துண்டு எழுதுவோம். முகப்பில் உள்ள திகதி, மேலுறையில் உள்ள திகதி, உண்மையில் அது ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள். மூன்றாவது தெரிய வேண்டுமானால் ஐரோப்பாவில் உள்ள நூல்நிலையங்களுக்கு எழுதுவோம். உங்கள் பிரதி எப்போது வந்தது, அதன் மேலுறை இருக்கிறதா, தபால் உறை இருக்கிறதா என்று கேட்போம். மேலுறைகளை அகற்றி அழகாகக் கட்டி வைத்திருக்கிறோம் என்று பெருமையாகப் பதில் வரும். துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவருக்குக் கோபம் வந்தால் அவ்வளவுதான். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஒருமுறை ஒரு சின்ன ஊர் நூல்நிலையக்காரர், இருபது வருஷமாகக் கட்டக் கொடுக்க மறந்துபோனேன், எல்லாம் மேலுறையோடு கிடக்கின்றன, மன்னிக்கவும் என்று எழுதினார். அந்தச் சோம்பேறிக்காக நான் தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போனபோது ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

தெரிந்ததைத் துரை பென்சிலால் எழுதுவார். நிரூபித்ததை மையால் எழுதுவார். ஒன்றும் தெரியாவிட்டால் தொழிலின் வழக்கம் ஒன்று உண்டு. மேலுறையில் மாதம் மட்டும் இருந்து, நாளுக்கு ஆதாரம் இல்லையென்றால், அந்த மாதத்தின் கடைசி நாளில் வெளியானதாகவே எடுக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் ஒருவருக்கும் இல்லை.

இனிச் செய்யது காக்காவைச் சொல்கிறேன். கற்பிட்டிக்காரர், கடற்றொழில். துரைக்கு வேண்டிய பறவைகளைப் பிடித்து, தோலை உரித்து, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டிக் கொடுப்பவர். அவருடைய விரல்கள் வலைக்கயிறு இழுத்து இழுத்துத் தடித்துப் போனவை. அந்த விரலால் சிட்டுக்குருவி அளவு பறவையின் தோலை ஒரு இறகு உதிராமல் உரிப்பார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எனக்கு அவர் காக்கா, அவருக்கு நான் மனுவேல் தம்பி.

நான் துரையிடம் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், கற்பிட்டி மணற்காட்டில் ஓடித்திரியும் ஒரு சிறு வானம்பாடியைக் காக்கா கொண்டுவந்து கொடுத்தார். மற்றதுகளைப்போல இல்லை தொரை, இதுட நிறம் வேற என்றாராம். துரை நாற்பது தோல்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, காக்கா சொன்னது சரி என்று கண்டார். கொழும்பில் ஒரு சங்கத்தின் சஞ்சிகையில் அந்தப் பறவைக்குப் பெயர் வைத்து எழுதினார். வைத்த பெயர் செய்யதுவின் பெயர், இலத்தீன் வால் ஒட்டி. மற்றவர்களுடைய பெயர்களுக்குத் திகதி தேடியே ஆயுளைக் கழித்த மனிதர், தானாக வைத்த ஒரே பெயர் அதுதான். கவர்னர்மாருக்கும், கவர்னர்மாரின் மனைவிமாருக்கும் பெயர் வைக்கிற காலத்தில், கற்பிட்டி மீன்காரர் ஒருவரின் பெயர் பறவையில் ஏறியது. காக்கா அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். இங்கிலிஷ் தெரியாதவர்தான், ஆனால் எந்த வரியில் தன் பெயர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவார்.

பட்டியல் அந்த வானம்பாடிக்கு வந்தபோதுதான் வினை வந்தது. எதிர்க்கரையில், இந்தியாவில், ஒரு டொக்டர் அதே பறவைக்கு அதே மாதத்தில் வேறு பெயர் வைத்து அச்சிட்டிருந்தார். அவருடைய இதழில் நாள் தெளிவாக இருந்தது: ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை. எங்கள் கொழும்புச் சஞ்சிகையில் ஆகஸ்ட் என்று மட்டும் இருந்தது. வழக்கப்படி மாதக் கடைசி. டொக்டரின் பெயர் நிற்கும், செய்யதுவின் பெயர் விழும்.

துரை அச்சகத்துக்கு எழுதினார். பழைய புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டதாம். சங்கத்தின் காரியதரிசிக்கு எழுதினார். ஆகஸ்ட் என்றுதான் நினைவாம். அங்கத்தவர்களுக்கு எழுதினார். தபால் உறையை யாரும் வைத்திருக்கவில்லை. கடைசியில் அவருடைய சொந்த விசுக்கோத்து டின்களைத் திறந்தோம். தனக்கு வந்த எந்த உறையையும் அவர் எறிந்ததில்லை. மூன்றாவது டின்னில் அது இருந்தது. கொழும்பில் குத்திய முத்திரையில் வெறும் கோடுகள்தான். அச்சுப் பொதிகளுக்கு அங்கே திகதி குத்துவதில்லை. ஆனால் வந்து சேர்ந்த முத்திரை ஓரமாக, அழுத்தமாக, ஒரு எழுத்தும் சிதறாமல் இருந்தது. டொக்டரின் சனிக்கிழமைக்கு முந்தின நாள். வெள்ளிக்கிழமை.

துரை என் தோளில் தட்டினார். நல்ல முத்திரை என்றார். அந்த முத்திரையைக் குத்தினவன் நான்.

இப்போது கந்தோரின் பெயரை ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்கிறேன். அங்கே நாங்கள் இரண்டே பேர். போஸ்ட்மாஸ்டர் ஒரு முஸ்லிம் பெரியவர், நல்ல மனிதர். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அவர் வேலையை நான் பார்த்துக்கொள்வேன். ஆகஸ்ட் மாதத்தில் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு அவர் என்னை விடுவார். அவர் தந்தியும் தபால்தலையும் பார்ப்பார். பைகளைப் பிரித்து முத்திரை குத்துவது என் வேலையானபடியால், வரும் பைகளைக் கட்டு அவிழ்க்காமல் மேசைக்குக் கீழே போட்டு வைப்பார். நான் செவ்வாய்க்கிழமை காலையில் மணல் ஒட்டின காலோடு வந்து, சனிக்கிழமைப் பையையும் திங்கட்கிழமைப் பையையும் ஒன்றாக மேசையில் கொட்டுவேன். பை நாட்கணக்காகக் கிடந்தது மேலிடத்துக்குத் தெரியக்கூடாது. ஆகையால் முத்திரையில் திகதியை மாற்றாமல், நான் போன வெள்ளிக்கிழமைத் திகதியையே எல்லாவற்றுக்கும் குத்திவிடுவேன். நானும் போஸ்ட்மாஸ்டரும் அதற்கு அன்னம்மாள் திகதி என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொள்வோம். எவருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தோம்.

அந்த உறையில் இருந்தது அன்னம்மாள் திகதி.

கொழும்பில் போட்ட தபால் மறுநாள் எங்களுக்கு வரும். பொதி சனிக்கிழமைப் பையில் வந்திருந்தால், வெள்ளியே வெளியாகிவிட்டது. காக்காவின் பெயர் நிற்கும். திங்கட்கிழமைப் பையில் வந்திருந்தால் நிற்காது. எந்தப் பை என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினவன் நான்தானே. சரியாக வேலை செய்திருந்தால் உண்மை அந்த உறையிலேயே இருந்திருக்கும். பொய் சொன்னதைவிட, இனி ஒருவருக்கும் தெரியவராதபடி உண்மையை அழித்துவிட்டேன் என்பதுதான் என்னை வாட்டியது.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. துரை அந்த ஆதாரத்தை இந்தியாவுக்கு எழுதினார். டொக்டரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது: உங்கள் முத்திரைக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன், உங்கள் பெயரே நிற்கட்டும். துரை அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டிவிட்டு, துண்டில் மையால் எழுதினார். காக்காவுக்குச் செய்தி போனது. அவர் வட்டிலப்பம் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார். எனக்குத் தன் கையால் வெட்டித் தந்தார்.

"ஒங்கட கையால குத்தின முத்திரைதானாமே தம்பி, தொரை சொன்னார். அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்வான்."

அதை வாங்கித் தின்றேன். ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாவம் போனது, திகதி திருந்தவில்லை.

திங்கட்கிழமை காலை, துரை துண்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, பையிலிருந்து தொடங்கிக் கடைசி வரை சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு மூன்றே கேள்வி கேட்டார். எத்தனை பை, ஒன்றாகக் கொட்டியதா, பொதியை எடுத்துப் போனது யார். அந்த மாதம் துரை நுவரெலியாவில் இருந்தவர். அவருடைய தபாலை எடுத்து வைத்தது செய்யது காக்கா என்றேன். துரை துண்டை எடுத்து, மையால் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். காக்காவை வரச் சொல்லும்படி சொன்னார்.

காக்கா மத்தியானம் வந்தார். துரை அவருக்குக் கதிரை போட்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். அதைப்போல நான் வேறெங்கும் கண்டதில்லை. கேள்வி கேட்பதற்கு முன்னால், எல்லாவற்றையும் விளக்கினார். முத்திரை பொய். இனி உம்முடைய வாக்குத்தான் ஆதாரம். சனிக்கிழமை எடுத்தீர் என்றால் பெயர் நிற்கும். அதற்குப் பிறகு என்றால் எந்தப் பையில் வந்தது என்று நிரூபிக்க முடியாது, பெயர் விழும். எனக்கு எரிச்சல் வந்தது. சாட்சியிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டா சாட்சி கேட்பார்கள்? பிறகொரு நாள் அதைத் துரையிடமே கேட்டேன். தெரியாமல் ஒரு மனிதரைக் கொண்டு அவருடைய பெயரையே விழுத்துவது வலை வைப்பது போல என்றார் துரை.

"செய்யது, நீர் எந்த நாள் எடுத்தது?"

காக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை போஸ்ட்மாஸ்டரே பையை அவிழ்த்துத் தந்துவிட்டார் என்று ஒரு சொல் போதும். அதை மறுக்க உலகத்தில் ஆளில்லை. போஸ்ட்மாஸ்டரும் அதற்குள் மௌத்தாகியிருந்தார். சனி என்று சொல்லிவிடட்டும் என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"சனிக்கிழமையும் போன நான் தொரை. பை கட்டினபடி கெடந்திச்சு. திங்கக்கிழமையும் போன. செவ்வாக்கிழமதான் மனுவேல் தம்பி கையில தந்தார்."

துரை தலையை ஆட்டினார். நன்றி என்று இங்கிலிஷில் சொன்னார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வைத்த ஒரே பெயரும் அதோடு போனது. அதைப்பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. என்னை வேலையிலிருந்து அனுப்புவார் என்று காத்திருந்தேன். பின்னேரம், அடுத்த பறவையின் துண்டை என் முன்னால் வைத்தார்.

காக்காவோடு களப்புக்கரை வரை நடந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் காக்கா அப்படிச் சொன்னீங்க என்று மட்டும் கேட்டேன்.

"அது எனக்கு வாப்பா வெச்ச பேர் தம்பி. குருவிக்குப் போட்டாலும் அந்தப் பேர்தான். அதுக்குப் பொறத்தால பொய்யொண்ட வெச்சுட்டு நான் எப்பிடி நடக்கிற?"

வீட்டுக்குப் போய் அழுதேன். அந்த வயதில் நான் அழுதது அது ஒருமுறைதான்.

பட்டியல் இங்கிலாந்தில் அச்சாகி, யுத்தம் தொடங்கின காலத்தில் வந்து சேர்ந்தது. அதன் கடைசித் திருத்தங்களைத் துரை என்னிடம் காட்டாமல் தானே பார்த்து அனுப்பியிருந்தார். பொதியை அவிழ்த்த கையோடு வானம்பாடிப் பக்கத்தைத் தேடினேன். மேலே டொக்டர் வைத்த பெயர், சனிக்கிழமைத் திகதியோடு. கீழே சிறிய எழுத்தில் விழுந்த பெயர். எங்கள் தொழிலில் விழுந்த பெயரை அழிக்கமாட்டார்கள். எங்கே விழுந்தது என்று எழுதி வைப்பார்கள். அதற்கும் கீழே ஆதாரக் குறிப்பு இருந்தது. அந்தப் புத்தகத்தின் ஆதாரக் குறிப்புகள் எல்லாம் நூல்நிலையங்களும் சங்கங்களும் பேராசிரியர்மாரும்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் வேறு. முத்திரை நம்பத்தக்கதல்ல; பொதி செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது, சாட்சி: கற்பிட்டி செய்யது முகம்மது. முத்திரையைக் குத்தின கிளாக்கரின் பெயரைத் துரை எழுதவில்லை. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

துரையிடம் கேட்டு, புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனேன். காக்கா கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். வானம்பாடிக்கு வேறு ஆளின் பெயர்தான் என்பதை முதலில் சொன்னேன். அது அவருக்குத் தெரியும். பிறகு கீழே உள்ள வரியைத் தமிழில் சொன்னேன். இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இந்தப் புத்தகம் எங்கெங்க போகும்?"

லண்டன், பாரிஸ், பெர்லின், அமெரிக்கா என்று எனக்குத் தெரிந்த இடமெல்லாம் சொன்னேன். காக்கா கையைச் சாரத்தில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு முந்தி வேற ஆரும் வந்திர மாட்டாங்களே, தம்பி?"

"இல்ல காக்கா," என்றேன். "இத உங்களுக்கு முந்தி ஆரும் சொல்லல்ல."